நெகட்டிவைத் தொலைக்காதீர்கள்

(எமது வானொலியின் மாதாந்த உரை நிகழ்ச்சியில் ஒலிபரப்பானதன் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம், கைத்தொலைபேசிச் செயலிகளில் படங்களை எப்படிக் கையாள்வது என்பதாகும். எங்கள் பிள்ளைகள் "அப்" என்று சொல்கிறார்களே, அதைத்தான் செயலி என்கிறோம். "இது கொம்பியூட்டர் படித்த பெடியளுக்குரிய கதை, எங்களுக்கு என்ன" என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். முற்பகுதி செயலி எழுதுகிற பிள்ளைகளுக்கு உரியதுதான். ஆனால் அது போய் முடிகிற இடம், உங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருக்கிற பழைய படப் பெட்டி. நான் செய்த ஒரு பெரிய பிழையையும் இந்த உரையில் சொல்லப் போகிறேன். அதைச் சொல்வதற்காகவே இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன்.

2011ஆம் ஆண்டு, இங்கே ரொறன்ரோவில் இயங்கும் எங்கள் ஊர்ச்சங்கம், ஊரில் வாழ்ந்து மறைந்த பெரியவர்களின் படங்களைக் கொண்ட ஒரு செயலியைச் செய்ய விரும்பியது. நான் அப்போதுதான் இந்தத் தொழிலைப் பழகிக்கொண்டிருந்தேன். காசு வேண்டாம், நான் செய்து தருகிறேன் என்று முன்வந்தேன். சங்கத்தார் வீடு வீடாகப் போய் 43 படங்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். அவற்றில் அநேகமானவை பாஸ்போட் அளவுப் படங்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கலியாண அல்பங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மிகக் குறைவு. அடையாள அட்டைக்கு என்று எடுத்த படத்தின் மிச்சக் கொப்பி ஒன்று, கைப்பைக்குள் பத்திரங்களோடு சேர்ந்து வந்திருக்கும். பல குடும்பங்களில் அந்த மனிதரின் ஒரே படம் அதுதான்.

அந்தப் படங்களை ஸ்கான் செய்தேன். செயலிக்குள் போடுவதற்காகச் சிறிதாக்கினேன். அவ்வளவு சிறிது போதுமா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்த நேரத்துத் தொலைபேசித் திரைகளில் அது துப்புரவாகத் தெரிந்தது.

ஏன் அப்போது தெரிந்தது, பிறகு ஏன் கெட்டது என்பதை விளங்கிக்கொள்ள, திரை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

தொலைபேசித் திரை என்பது பொடிப் பொடியான புள்ளிகளால் ஆனது. பொங்கலுக்கு முற்றத்தில் கோலம் போடும்போது முதலில் வரிசை வரிசையாகப் புள்ளி வைப்பார்களே, அதுபோல. அந்தப் புள்ளியைத்தான் பிக்சல் என்கிறார்கள். 2007இல் வந்த முதலாவது ஐபோனின் திரையில் குறுக்கே 320 புள்ளிகள், நெடுக்கே 480 புள்ளிகள். 2010இல் வந்த ஐபோன் 4இன் திரையும் அதே மூன்றரை அங்குலந்தான். ஆனால் குறுக்கே 640, நெடுக்கே 960 புள்ளிகள். அதாவது, முன்பு ஒரு புள்ளி இருந்த இடத்தில் இப்போது நான்கு புள்ளிகள்.

இதனால் செயலி எழுதுபவருக்கு ஒரு சிக்கல் வந்தது. பழைய திரைக்கென்று 100 புள்ளி அகலத்தில் செய்த படத்தைப் புதிய திரையில் புள்ளிக்குப் புள்ளி போட்டால், அது பாதி அகலத்தில் சுருங்கித் தெரியும். அதே அகலத்தில் தெரிய வேண்டுமென்றால் தொலைபேசி அதை இழுத்துப் பெரிதாக்க வேண்டும். இழுத்தால் படம் கலங்கும். இதற்கு அப்பிள் செய்த ஏற்பாடு, ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்திருப்பது. சாதாரண அளவில் ஒன்று, இரண்டு மடங்கில் ஒன்று. 2014இல் ஐபோன் 6 பிளஸ் வந்தபோது மூன்று மடங்கில் இன்னொன்றும் சேர்ந்தது. எந்தத் திரைக்கு எது பொருத்தமோ அதைத் தொலைபேசியே எடுத்துக்கொள்ளும்.

அன்ட்ரொயிட்டில் இது இன்னும் விரிவானது. ஏனென்றால் அந்தத் தொலைபேசிகளைப் பல நிறுவனங்கள் பல அளவுகளில் செய்கின்றன. அங்கே ஓர் அங்குலத்துக்கு 160 புள்ளிகள் கொண்ட திரையை அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு எம்டிபிஐ என்று பெயர். 240 புள்ளிகள் என்றால் எச்டிபிஐ. 320 என்றால் எக்ஸ்எச்டிபிஐ. அதற்கு மேல் 480, 640 என்று இரண்டு படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் தனித்தனிக் கோப்புறை. முகப்புத் திரையில் வருகிற சின்னத்தை எடுத்துக்கொண்டால், அடிப்படைத் திரைக்கு 48 புள்ளி அகலம் போதும். அடுத்தடுத்த படிகளுக்கு 72, 96, 144, 192 என்று செய்து வைக்க வேண்டும். ஐந்து படங்கள் இருந்தாலும், பார்ப்பவரின் கண்ணுக்கு எல்லாத் தொலைபேசியிலும் ஒரே பருமன்தான் தெரியும்.

அதனால்தான் செயலி எழுதும்போது அளவுகளைப் புள்ளிக் கணக்கில் எழுதாமல் "டிபி" என்ற அலகில் எழுதச் சொல்கிறார்கள். ஒரு டிபி என்பது ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் 160இல் ஒரு பங்கு. பிள்ளைகள் முதலாவதாகப் பழக வேண்டிய பழக்கம் இது.

இப்போது கேட்டுக்கொண்டிருக்கிற இளையவர்கள் ஒருவேளை இப்படி நினைக்கலாம்: "பெரிய படம் ஒன்றை மட்டும் வைத்தால் என்ன? சிறிய திரையில் அது தானாகச் சிறிதாகுந்தானே?" நானும் ஒருமுறை அப்படி நினைத்தேன். 1080 புள்ளி அகலமும் 1350 புள்ளி உயரமும் கொண்ட படம் ஒன்றை எந்தப் படியும் குறிக்கப்படாத அடிப்படைக் கோப்புறையில் போட்டேன். அந்தக் கோப்புறையில் இருப்பதெல்லாம் 160 புள்ளித் திரைக்குரியது என்றே அன்ட்ரொயிட் எடுத்துக்கொள்ளும். ஆகவே 480 புள்ளித் திரை கொண்ட தொலைபேசி அதைக் குறுக்கே மூன்று மடங்கு, நெடுக்கே மூன்று மடங்கு பெருக்கியது. 3240க்கு 4050. ஒரு புள்ளிக்கு நினைவகத்தில் 4 பைற் வேண்டும். கணக்குப் பார்த்தால், அந்த ஒரு படத்துக்கு மட்டும் 52 மெகாபைற் நினைவகம். அப்படி நாலைந்து படங்கள் வந்ததும் செயலி விழுந்துவிட்டது. பெருக்கவே கூடாத படம் என்றால் அதற்கென்று நோடிபிஐ என்ற கோப்புறை இருக்கிறது. நிழற்படங்கள் நிறைய இருந்தால் அவற்றைச் செயலிக்குள் அடைக்காமல் சேர்வரில் வைத்து, அந்தந்தத் திரைக்கு வேண்டிய அளவில் எடுத்துக் காட்டுவதே நல்லது.

செயலி வீணாகப் பாரமாகிவிடுமே என்ற கவலையும் இப்போது அவ்வளவு இல்லை. 2015இலிருந்து அப்பிளிலும், 2018இலிருந்து கூகிளிலும், ஒவ்வொரு தொலைபேசிக்கும் அதற்கு வேண்டிய அளவுப் படங்களை மட்டும் பிரித்து அனுப்பும் வசதி இருக்கிறது. ஐந்து அளவையும் நாங்கள் செய்து கொடுத்தால், பாவிப்பவரின் தொலைபேசிக்கு ஒன்றுதான் போய்ச் சேரும்.

இன்னொரு வழியும் உண்டு. எங்கள் சங்கத்தின் இலச்சினை ஒரு பனைமரமும் ஒரு குத்துவிளக்கும். அதைப் புள்ளிகளாகச் சேமிக்காமல், "இந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு இப்படி வளைந்து ஒரு கோடு, உள்ளே இந்த நிறம்" என்று குறிப்பாகவே சேமிக்கலாம். தையற்காரர் அளவுகளைக் கொப்பியில் எழுதி வைப்பது மாதிரி. எத்தனை பெரிய திரை வந்தாலும் தொலைபேசி அந்தக் குறிப்பைப் பார்த்துப் புதிதாகக் கீறிக்கொள்ளும். எஸ்விஜி என்பது இந்த வகைதான். 2001இலேயே அது தரமாக்கப்பட்டது. அன்ட்ரொயிட்டில் இதே வகையான ஏற்பாடு 2014இல், ஐந்தாம் பதிப்போடு வந்தது. இலச்சினை, பொத்தான், அம்புக்குறி எல்லாவற்றுக்கும் இதுவே சிறந்தது.

ஆனால், நேயர்களே, மனித முகத்தை இப்படிக் கோட்டுக் குறிப்பாக எழுதி வைக்க முடியாது. நிழற்படம் புள்ளிகளாகத்தான் இருக்க வேண்டும். எத்தனை புள்ளிகள் ஆரம்பத்தில் எடுத்தோமோ அத்தனைதான். பெரிய படத்திலிருந்து சிறியதைச் செய்யலாம். சிறியதிலிருந்து பெரியதைச் செய்ய முடியாது. வேட்டியைக் கிழித்துச் சால்வை ஆக்கலாம், சால்வையை வேட்டி ஆக்க ஏலாது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

2011இல் அந்த 43 படங்களையும் நான் 96 புள்ளி அகலமும் 120 புள்ளி உயரமுமாகச் சிறிதாக்கினேன். சிறிதாக்கிய பிறகு, மடிக்கணினியில் இடமில்லை என்று, ஸ்கான் செய்த பெரிய கோப்புகளை அழித்துவிட்டேன். வேலை முடிந்ததுதானே என்ற எண்ணம். படங்களை உரியவர்களிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்ற திருப்தியும் இருந்தது.

2014இல் செயலியைப் புதுப்பித்தேன். படத்தைத் தொட்டால் திரை முழுக்க விரியும்படி செய்தேன். அதற்குள் 1080 புள்ளி அகலத் திரைகள் வந்துவிட்டன. 96 புள்ளி அகலப் படத்தை 1080க்கு விரித்தால் பதினொரு மடங்குக்கு மேல். ஒரு புள்ளி இருந்த இடத்தை 126 புள்ளிகள் நிரப்ப வேண்டும். நிரப்புவதற்குத் தொலைபேசியிடம் ஒன்றுமில்லை. பக்கத்துப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து பூசும். அவ்வளவுதான்.

அந்தக் கிழமையே எங்கள் ஊர் மாமி ஒருவர் தொலைபேசி எடுத்தார். மகன் அவருக்குப் புதிய தொலைபேசி வாங்கிக் கொடுத்திருந்தான்.

"தம்பி, அண்ணையின்ர படம் என்ன இப்பிடிக் கரைஞ்சு போய்க் கிடக்கு? ஆரோ தண்ணி ஊத்தின மாதிரி இருக்கு."

அவருடைய அண்ணா 1996இல் வன்னியில் மலேரியாக் காய்ச்சலில் இறந்தவர்.

"மாமி, அந்தப் படத்தை ஒருக்காத் திரும்பத் தாங்கோ. நல்லா ஸ்கான் பண்ணிப் போடுறன்" என்றேன்.

"அது போன வருச வெள்ளத்தோட போட்டுது தம்பி. பேஸ்மென்ரில வைச்ச பெட்டி. ஆனா உம்மட்ட கொப்பி இருக்குத்தானே எண்டு நான் பெரிசா யோசிக்கேல்லை."

2013 யூலை 8ஆம் திகதி ரொறன்ரோவில் பெய்த மழையை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்தில் 126 மில்லிமீற்றர் மழை. ஆயிரக்கணக்கான வீடுகளின் நிலவறைகளுக்குள் தண்ணீர் ஏறியது. இடப்பெயர்வில் தப்பி, கடல் கடந்து வந்த அந்தப் படம், இங்கே வந்து நனைந்து ஒட்டிப் போயிற்று.

மாமிக்கு நான் என்ன பதில் சொல்வது? "என்னிடம் இருந்தது, இடமில்லை என்று அழித்துவிட்டேன்" என்றுதான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி தம்பி, நீர் என்ன தெரிஞ்சோ செய்தனீர்" என்றார். அது கோபித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாஸ்போட் படம் 35 மில்லிமீற்றர் அகலம், 45 மில்லிமீற்றர் உயரம். நான் அதை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் ஸ்கான் செய்திருந்தேன். அப்படியென்றால் 827க்கு 1063 புள்ளிகள். எந்த அமுக்கமும் செய்யாமல் வைத்தாலும் ஒரு படம் 2.6 மெகாபைற். 43 படங்களும் சேர்ந்து 115 மெகாபைற்கூட இல்லை. அதற்குத்தான் இடமில்லை என்று நினைத்தேன்.

மற்றக் குடும்பங்களிடம் திரும்பவும் போனேன். 40 படங்கள் கிடைத்தன. மூன்று கிடைக்கவில்லை. மாமியின் அண்ணாவின் படம் அந்த மூன்றில் ஒன்று.

2023இல் என் மகள், "அப்பா, இப்போது செயற்கை நுண்ணறிவு சின்னப் படத்தைப் பெரிதாக்குமே" என்று சொல்லி, அந்த 96 புள்ளிப் படத்தை ஒரு மென்பொருளுக்குள் போட்டாள். வந்த படம் பளிச்சென்று இருந்தது. கண்ணிமை மயிர்கூட எண்ணக்கூடியதாக இருந்தது. சந்தோஷத்தோடு அதை மாமியின் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"வடிவா இருக்குப் பிள்ளை. ஆனா இது அண்ணை இல்லை. அண்ணைக்கு இடது புருவத்தில ஒரு வெட்டு இருந்தது. சின்னனில கிணத்தடியில விழுந்தவர். இந்தப் பெடியன் ஒருக்காலும் விழேல்லை."

அந்த மென்பொருள் பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்ததைச் செய்தது. ஏராளமான வேறு முகங்களைப் பார்த்துப் பழகி, இந்த இடத்தில் இப்படி ஒரு புருவம் இருக்கக்கூடும் என்று ஊகித்துக் கீறியது. தழும்பு எங்கே போயிற்று என்று பாருங்கள். அந்தத் தழும்பு படத்தில் 0.2 மில்லிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொண்டால், நான் அழித்த கோப்பில் அது ஏறக்குறைய 5 புள்ளி. நான் வைத்திருந்த சிறிய படத்தில் அரைப் புள்ளி. பதியவே இல்லாத ஒன்றை எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர முடியாது.

இறுதியில் மாமியோடு கலந்து ஒரு முடிவெடுத்தோம். செயலியில் அந்த மூன்று படங்களும் தொட்டாலும் விரியாது. 2011இல் எந்த அளவில் தெரிந்தனவோ அதே அளவில், ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் அகலத்தில் மட்டும் தெரியும். சுற்றிலும் வெறுமையான இடம், கீழே பெயர், ஊர், வருடம். மாமியின் அண்ணாவுக்கு மட்டும் ஒரு வரி கூட: இடது புருவத்தில் தழும்பு உண்டு என்று. அது மாமி சொல்லி எழுதியது.

நேயர்களே, ஊரில் படம் எடுக்கும் ஸ்ரூடியோக்காரர் படத்தை எங்களிடம் தருவார், நெகட்டிவைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். எப்போது போனாலும், எந்த அளவு கேட்டாலும் கழுவித் தருவார். செயலி எழுதுகிறவருக்கும் அதுதான் சட்டம். திரைக்குத் திரை அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று செய்கிற ஐந்து அளவும் நாளைக்குப் போதாமல் போகும். அதைப்பற்றிக் கவலையில்லை, மூலக் கோப்பு இருந்தால் ஆறாவதைச் செய்துகொள்ளலாம். மூலக் கோப்பைச் செயலிக்குள் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை ஒருபோதும் அழிக்கக் கூடாது, அதன்மேலே திருத்தி எழுதவும் கூடாது. கொப்பி எடுத்துக் கொப்பியில்தான் கை வைக்க வேண்டும்.

வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு நான்கு விடயம் சொல்கிறேன்.

முதலாவது, பாஸ்போட் அளவுப் படங்களை அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற கணக்கில் ஸ்கான் செய்யச் சொல்லுங்கள். 1654க்கு 2126 புள்ளி வரும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் நிறத்திலேயே ஸ்கான் செய்யுங்கள். பழுப்பேறியதைப் பிறகு திருத்த அது உதவும். இரண்டாவது, கோப்பை ரிஃப் அல்லது பிஎன்ஜி வகையில் சேமியுங்கள். ஜேபெக் வகையில் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் தேயும். மூன்றாவது, வட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். மூலத்தை அனுப்ப வேண்டுமென்றால் ஆவணம் என்ற வழியாக அனுப்புங்கள். நான்காவது, ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். எங்கள் குடும்பங்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடப்பதில் ஒரேயொரு நன்மை இதுதான். ஒரு கொப்பி இங்கே, ஒன்று லண்டனில் தங்கச்சியிடம், ஒன்று சிட்னியில் பெறாமகனிடம். எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே நாளில் வெள்ளம் வராது.

ஸ்கான் செய்யும்போது, பக்கத்தில் இருந்து, படத்தில் இருப்பவரைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஆர், எந்த ஊர், எந்தப் புருவத்தில் தழும்பு என்று. அந்தப் பிள்ளை அதைக் கோப்போடு சேர்த்து எழுதி வைக்கட்டும்.

இந்தச் சனி ஞாயிறில் அந்தப் பெட்டியைத் திறப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன். பெட்டி நிலவறையில் இருந்தால், முதலில் அதை மேலே கொண்டுவந்து வையுங்கள்.